பவானியில் ஒரு போர் விமானி: கம்பி நேராக இருந்ததால் வந்த சந்தேகம்

போன மாதம் அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிந்தது. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெட் விமானங்களோடு காலம் தள்ளினாலும் அவருக்குப் பிடித்ததென்னவோ முதல் உலகப் போரில் பறந்த, மரச்சட்டத்தில் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள்தான். முந்தின வருடப் பிறந்தநாளுக்குக் கையால் வரைந்த படம் என்று நம்பி இணையத்தில் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். மழமழவென்று இருந்தது, அச்சடித்தது. "நல்லாருக்குது கண்ணு" என்று சொல்லி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எனக்கு அவமானமாகிப் போனது. இன்னொரு முறை ஏமாந்து அவர் முன்னால் போய் நிற்க முடியாது.

இந்த முறை இணையத்தில் கண்ணில் பட்டவை பவானியில் கோமதி என்பவர் வரைந்து விற்கும் விமானப் படங்கள். பார்த்ததுமே இரண்டு இடத்தில் இடித்தது. இறக்கைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பிகள் மனிதக் கை போட முடியாத அளவுக்கு நேராக இருந்தன. ஆங்கிலேய விமானி, ஜெர்மன் விமானி, பிரெஞ்சு விமானி எல்லோருக்கும் ஒரே முகம். கம்ப்யூட்டர் வேலை என்று முடிவுகட்டினேன். போன் செய்து அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு, இந்த வாரமே கிளம்பினேன். ஒத்திகை பார்க்க நேரம் கொடுக்கக் கூடாது அல்லவா?

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கோவை ஜங்ஷனில் ரயில். ஈரோட்டுக்கு நூறு கிலோமீட்டர், டிக்கெட் அறுபது ரூபாய், எட்டேகாலுக்கு இறங்கினேன். அங்கிருந்து பஸ்ஸில் பவானி பதினைந்து கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொன்னதும், "பிளேன் படம் போடற அக்கா ஊடுங்களா? ஏறுங்க" என்றார். யார் வீடு என்று சொல்வதற்கு முன்பே எப்படித் தெரியும்? இவருக்கும் கமிஷன் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அறுபது ரூபாய் வாங்கினார், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் லுங்கி கட்டிய ஒருவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். தலையில் குரங்குக் குல்லா, நெற்றியில் வெல்டிங் கண்ணாடி, கழுத்தில் வெள்ளைத் துணி. மூன்று நாட்டு விமானிகளும் அவரேதான். கோமதியின் கணவர் செல்வராஜ்.

கையில் பிரஷ்ஷோடு கோமதி திரும்பினார். "ஏனுங்க, அடுத்த வாரம்னுதானுங்களே சொன்னீங்க?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்று புளுகினேன்.

"காப்பியடிக்க வரலீங்களே? போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் வந்து எல்லாத்தையும் போட்டோ புடிச்சுட்டுப் போயிட்டாருங்க."

என்னைத் திருடனாக நினைக்கிறார்! கோபம் வந்தது. மனதில் இருந்ததைப் போட்டு உடைத்தேன். கம்பி எப்படி இவ்வளவு நேராக வரும்?

கோமதி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஊரில் ஜமுக்காளத் தறிக்குப் போகிற நூலில் ஒரு முழம் எடுத்து, கறுப்பு பெயிண்டில் முக்கி வழித்து, ஒரு முனையை என்னிடமும் மறு முனையைக் கணவரிடமும் கொடுத்தார். "விறைப்பா இழுத்துப் புடிங்க. மெதுவா கேன்வாஸ் மேல இறக்குங்க." மேலே ஸ்கேலை வைத்து அழுத்திவிட்டு நூலை எடுத்தார். இறக்கையிலிருந்து இறக்கைக்கு ஒரு கம்பி ஓடியது, லேசாகப் புடைத்துக்கொண்டு. என் விரலெல்லாம் கறுப்பு.

அப்போதும் விடாமல் கேன்வாஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். "எல்லாருக்கும் ஏன் ஒரே முகம்?" என்றேன்.

"வேற ஆரு சும்மா உக்காருவாங்க? அதுலயும் பாருங்க, இவரு டீக்குக் காத்திருக்கறவராட்டவே தெரியறாருங்க. சண்டைக்குப் போறவனாட்ட இல்லீங்க."

அது உண்மை. அந்தக் காலத்து விமானி எதிரி பின்னால் வருகிறானா என்று ஓயாமல் திரும்பிப் பார்ப்பான். சட்டைக் காலர் உரசிக் கழுத்து புண்ணாகாமல் இருக்கத்தான் அந்தப் பட்டுத் துணியைச் சுற்றிக்கொள்வான். செல்வராஜ் எதற்கும் திரும்புகிறவராகத் தெரியவில்லை. இதைச் சொல்லிக்கொண்டே, மூலையில் பிரிண்டர் ஏதாவது இருக்கிறதா என்று தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்படியே இருங்க, அசையாதீங்க!" கோமதி செல்போனில் ஒரு படம் எடுத்தார். எதற்கு என்றால், "சும்மாங்க" என்றார். யாராவது சும்மா எடுப்பார்களா? அப்பாவுக்கு ஒரு படம் சொல்லிவிட்டுக் கிளம்பினாலும், கோவை வரும்வரை அதே யோசனைதான்.

போக நினைப்பவர்களுக்கு: ஈரோட்டிலிருந்து பவானிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. போன் செய்துவிட்டு, சொன்ன நாளில் போங்கள். படம் கைக்கு வர மூன்று வாரம் ஆகும். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், நூல் பிடிக்கச் சொல்வார்கள். வாங்குவதற்கு முன் தடவிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆளையும் சேர்த்துத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

படம் பிறந்தநாளன்று காலையில் வந்தது. அப்பா கட்டைவிரலை வைத்தார். விரல் இறக்கை மேல் ஓடி, கம்பியில் தடுக்கி நின்றது. இன்னொரு தடவை தடவினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு விமானியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உன்ற மூஞ்சியாட்டவே இருக்குதே கண்ணு. இப்படித் திரும்பிப் பாக்கறயே, பொறவால ஆருடா வாரான்?"