ஏரியில் எல்லை எங்கே?

பக்கத்து வீட்டுப் பெல்கனியில் இன்று காலை ஒரு செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியைக் காயப்போட்டிருந்தார்கள். கனடாவில், நாங்கள் இருக்கிற இந்தப் பார்க் எக்ஸ்டென்ஷனில் யாரிடம் படகு இருக்கிறதோ தெரியாது. அந்த ஊறிய ரப்பர் மணம் மூக்கில் ஏறியதும் நான் யன்னலைச் சாத்திவிட்டேன். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்து, எல்லைகள் எல்லாம் இறுகியிருந்த காலம். சிவம் அண்ணையும் நானும் இதே தெருவில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தோம். ஆற்றுக்குத் தெற்கே, லொங்குய்யில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. இருவருக்கும் அகதி வழக்கு முடியவில்லை. என் மனைவியும், நான் போட்டோவில் மட்டும் கண்ட மகளும் வவுனியாவில் இருந்தார்கள். வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

"அமெரிக்க எல்லைப் பக்கம் தலைவைச்சும் படுக்காதையுங்கோ. ஒரு அடி தாண்டினாலும் வழக்குப் போச்சு" என்று வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருந்தார். நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்றால், அன்றிலிருந்து லொங்குய்யைத் தாண்டித் தெற்கே போகிற பஸ் எதிலும் ஏறுவதில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் ஜில் நல்ல மனிதர். ஒரு சனிக்கிழமை தன் படகில் மீன்பிடிக்கக் கூப்பிட்டார். அண்ணை கடற்கரை ஊர்க்காரர். "வாடா, தண்ணி கண்டு எவ்வளவு காலம்" என்றார். காரில் வெகுதூரம் போய், ஓர் ஏரியில் படகை இறக்கி, கரை மறைந்த பிறகுதான் ஜில் சாவதானமாகச் சொன்னார், இந்த ஏரியின் தென்பாதி அமெரிக்கா என்று.

எல்லை எங்கே என்று கேட்டேன். அங்கே எங்கேயோ என்று கையை வீசினார். கோடு இல்லை, வேலி இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். ஊரில் சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடலை இருட்டில் கடந்தபோதுகூட எந்தப் பக்கத்திலிருந்து நேவி வரும் என்றாவது தெரிந்திருந்தது.

"அண்ணை, திரும்பச் சொல்லுவமே?"

"பேசாம இரு. அந்தாள் இஞ்சத்தை ஆள். அவருக்குத் தெரியாதே?" என்றார். ஆனால் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு தீவு வந்தது. முன்பு செம்புச் சுரங்கம் இருந்த தீவாம். கல் ஏற்றிய பழைய துறையில் இப்போது விருந்தாளிப் படகுகள் கட்டிக்கிடந்தன. நான் அதையெல்லாம் எங்கே பார்த்தேன்? கொடிக்கம்பத்தில் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது.

படகின் தட்டில் குப்புறப் படுத்து, ஊறிய அங்கி ஒன்றைத் தலைமேல் இழுத்துக்கொண்டேன்.

"டேய், என்னடா செய்யிறாய்?"

"கொடியைப் பாருங்கோ அண்ணை."

அண்ணை பார்த்தார். அவரும் என் பக்கத்தில் வந்து படுத்தார். ஓர் அங்கிக்குள் இரண்டு தலை. "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று அவர் முணுமுணுப்பது என் காதுக்குள் கேட்டது. இனி மகளைக் காண்பதில்லை என்றே நான் நினைத்தேன். அழுகை வந்தது.

பலகையில் சப்பாத்துச் சத்தம். தலைக்கு மேலே ஒரு பெண்குரல்: "போன்ஜூர்."

பிரெஞ்சு! அப்படியென்றால் இது எங்கள் பக்கம்தான். அந்தச் சொல்லைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துறையைப் பார்த்துக்கொள்கிற அம்மா அவர். வெளிநாட்டுப் படகு வந்தால் மரியாதைக்கு அவர்களுடைய கொடியை ஏற்றுவது அங்கே வழக்கமாம். பக்கத்துக் கம்பத்திலேயே கனடாக் கொடியும் பறந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஜில் சிரித்துச் சிரித்து இருமினார்.

பிறகு சுரங்க வாசலுக்குக் கூட்டிப்போனார். கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஈரமண் மணத்தோடு குளிர்காற்று வந்தது. அசல் பங்கர் மணம். ஊரில் குண்டு விழுந்த செல்லடி நாட்களில் அப்படி ஒரு குழிக்குள் குந்தியிருந்துதான் என் மனைவியோடு முதன்முதலாகக் கதைத்தேன், அது வேறு கதை. அண்ணை பின்வாங்கிவிட்டார். "உள்ளுக்கு நான் வரமாட்டன்" என்றார். அங்கே வேலை செய்த ஜில்லின் தாத்தாவும் தினமும் பயந்து பயந்துதான் அதற்குள் இறங்குவாராம்.

புறப்படும்முன் அந்த அம்மா ஒரு பெட்டியைத் திறந்து, உங்களுக்கு எந்தக் கொடி ஏற்றட்டும் என்று அன்பாகக் கேட்டார். மறுபடியும் எனக்கு வேர்த்தது. எந்த அரசுக்குப் பயந்து ஓடிவந்தோமோ, அதன் சிங்கக்கொடிக்குக் கீழே நாங்கள் நிற்பதை யாராவது படம் எடுத்தால் வழக்கு என்னாவது? அண்ணை தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, ஒன்றும் வேண்டாம், மெர்சி என்றார்.

என் வழக்கு வென்றது. மனைவியும் மகளும் வந்தார்கள். அண்ணையின் வழக்குத் தோற்றது. அவ்வளவு பயந்த ஏரியில் ஒன்றும் நடக்கவில்லை. அவரைத் திருப்பி அனுப்பக் கூட்டிப்போக வந்த இரண்டு பேர் எங்கள் அறைக் கதவை மரியாதையாகத் தட்டினார்கள். நான்தான் திறந்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து ஒருமுறை பேசினார். "வன்னிக்குப் போறன். அம்மாவைப் பாத்திட்டுப் பேந்து போன் எடுக்கிறன்" என்றார். பிறகு அங்கே பெரிய சண்டை வந்தது.

மூன்று வீடு மாறிவிட்டோம். எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது. அந்த அறையின் பழைய தொலைபேசி நம்பரை மட்டும் நான் இன்னும் வெட்டவில்லை. அண்ணைக்கு வேறு நம்பர் தெரியாது.