சுத்தமான தாளம்

உப்பளத்தில் புதுப் பாத்தி போட்டால் தரை இறுகும்வரை காலால் மிதிக்க வேண்டும். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே மரக்காணத்தில் அந்த வேலைக்குப் போனவள். மிதிக்கிற பெண்கள் பாடிக்கொண்டேதான் மிதிப்பார்கள். அவள் குரல் அதில் தனியாகத் தெரியும்.

போன வருஷம் அவளுக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லி, பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அவளே கட்டிய, நான் முழுசாகக் கேட்டிராத பாட்டு ஒன்று இருந்தது. அதையாவது பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

பக்கவாத்தியத்துக்கு ஆளில்லை. அவள் காலே போதும் என்று பட்டது. பழைய பிளைவுட் கதவை அறுத்து ஒரு பெட்டி அடித்தேன். அடியில் ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டி, உள்ளே சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கை வைத்தேன். அவள் வெறுங்காலால் மிதித்ததும் ‘தொம்’மென்று கேட்டது. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

முதலில் தாளம், பிறகு குரல். வீடியோவில் பார்த்த முறை அது. ஆனால் வாய்க்குள் பாடாமல் அவளுக்கு மிதிக்கத் தெரியவில்லை. அந்த முணுமுணுப்பும் மைக்கில் விழுந்தது.

“பாட்டோட மிதிச்சே பழகிட்டேங்க. வாய மூடினா கால் நின்னு போவுது. ரெண்டையும் சேர்த்தே எடுத்துக்குங்களேன்.”

“தாளம் சுத்தமா வரணும். வாய மூடிக்கிட்டு மிதி,” என்று சிடுசிடுத்தேன்.

நான் ஒரு பிடிவாதக்காரன். அவள் குரல் கலந்த பதிவுகளையெல்லாம் கெட்டுப்போனவை என்று உடனுக்குடன் அழித்தேன். ஆறு நாள் இப்படியே போனது. ஏழாம் நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு, பாட்டு நீளத்துக்கும் மிதித்துக் கொடுத்தாள். பிசிறே இல்லை. குரலை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அவளுக்கு மூச்சுத் திணறியது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கோட்டக்குப்பம் தாண்டும்வரை என் கையை அவள் விடவில்லை. அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது.

உயிர் பிழைத்ததே பெரிது என்கிறார்கள். பெரிதுதான். ஆனாலும் என் மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

போன வாரம் அவளே என் போனை எடுத்து அந்தத் தாளத்தைப் போட்டாள். அது ஓட ஓட அவள் உதடு அசைந்தது. எந்த இடத்தில் என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டாவது வரியிலேயே நான் அவளை நிறுத்தியிருந்தேன்.