பதினேழு மனுக்களும் ஒரு பாஸ்வேர்டும்

இரண்டாயிரத்து ஏழில் லிங்கநகரில் யாருக்காவது மனு எழுதவேண்டுமென்றால் புஷ்பவதியின் வீட்டைத்தான் கைகாட்டினார்கள். அந்த ஒழுங்கையில் கொம்பியூட்டர் இருந்த வீடு அது ஒன்றுதான். கணவன் தவராசா கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் அதை வாங்கிப் பொருத்தி, அவளுக்குச் சாதாரணக் கணக்கொன்றும் தனியாக நிர்வாகிக் கணக்கொன்றும் திறந்து வைத்திருந்தான்.

“நிர்வாகி பாஸ்வேர்டைத் தமிழ் அடிக்கிற புரோகிராமுக்கு மட்டும் பாவியும். வேற ஒண்டுக்கும் குடுக்கப்படாது” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அந்தப் பழைய புரோகிராம் நிர்வாகி உரிமை இல்லாமல் திறக்காது. ஒவ்வொரு தடவையும் பதினான்கு எழுத்துப் பாஸ்வேர்டை அடிக்கவேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு செவ்வாய்க்கிழமை நாலாம் தரம் கரண்ட் போய் வந்தபோது அவள், இனிப் பாஸ்வேர்ட் கேட்காதபடி, தன் கணக்குக்கே நிர்வாகி உரிமையைக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை இராசமலர் வந்தாள். இலங்கைத்துறையிலிருந்து இடம்பெயர்ந்து அன்புவழிபுரத்தில் இருப்பவள். மனுவில் சேர்க்கவென்று காணாமற்போன மகனின் படத்தை ஸ்டூடியோவில் ஒரு பென்ட்ரைவில் போட்டு வாங்கிவந்திருந்தாள். அதைச் செருகியதோடு வைரஸும் ஏறியது; கணக்குக்கு நிர்வாகி உரிமை இருந்ததால் அது தடையின்றி எல்லா இடமும் பரவியது. வெள்ளி காலை கொம்பியூட்டர் எழும்பவேயில்லை. எல்லாவற்றையும் அழித்துத்தான் திருத்தலாம், செவ்வாய்க்கு முன் ஏலாது என்றான் திருத்துபவன்.

பிள்ளைகளைத் தேடும் பதினேழு குடும்பங்களின் மனுக்கள் அதற்குள் இருந்தன. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கும் ஆணைக்குழுக்காரர் அவற்றை வாங்க வருவது திங்கட்கிழமை. இராணுவத்தின் சுற்றிவளைப்பில் பெயர்ப் பட்டியல் அகப்பட்டால் வில்லங்கமென்று அவள் தாளில் ஒரு பிரதிகூட வைத்திருக்கவில்லை.

தவராசா தொலைபேசியில் கத்தினான்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னனான்தானே! ஏன் அப்பிடிச் செய்தனீர்?”

“களைச்சுப்போனன். என்ர வீட்டில, என்ர மேசையில இருந்துகொண்டு, ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அனுமதி கேட்டுக் களைச்சுப்போனன்.”

அவன் குரலை இறக்கி, “சாப்பிட்டனீரோ?” என்று கேட்டான்.

புஷ்பவதி பதினேழு குடும்பங்களுக்கும் சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை முதலாவதாக வந்தது இராசமலர்தான்.

“அக்கா, எல்லாம் அழிஞ்சுபோச்சு. பிழை என்னிலதான். திரும்ப முதலிலயிருந்து சொல்லவேணும்.”

இராசமலர் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தாள். “ஆமிக் காம்பில சொன்னன், பொலிசில சொன்னன், வெள்ளைக்காரருக்கும் சொன்னன். உமக்குச் சொல்ல மட்டும் எனக்குப் பஞ்சியே, அலுப்பே, பிள்ளை? எழுதும்.”

புஷ்பவதி கொப்பியை விரித்தாள். பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம் எல்லாவற்றையும் பேனையால் பதிந்தாள். இந்தக் கொப்பியைத் திங்கள்வரை எங்கே ஒளிப்பது என்று இடையிடையே யோசித்தாள்.

“போனமுறை அழுதுகொண்டு சொன்னதில ஒண்டு விட்டுப்போச்சு” என்றாள் இராசமலர். “மகன்ர வலக்கையில தூண்டில் கிழிச்ச தழும்பு இருக்கு. அதையும் போடும்.”

போட்டாள். வாசலில் இன்னும் ஐந்துபேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.