நாலாவது சத்து

என் மகள் அறிவியல் ஆசிரியை. மறுநாள் பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம். உடம்பின் பெரிய மூலக்கூறுகள் இந்த நான்கு வகைதானாம். முதல் மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும். மலாயாவின் அவசரகாலத்தில் அவளைப் பெற்றபோது அவற்றுக்காகத்தான் அல்லாடினேன்.

அப்போது கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருந்தோம். லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று எங்கள் வீட்டில் அரிசி வைத்திருக்கவே விடவில்லை. பொதுச் சமையல்கூடத்தில் வடித்த சோற்றை மங்குப் பாத்திரத்தில் வாங்கிவர வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பருக்கைகூட வெளியே கொண்டுபோகக் கூடாது.

என் வீட்டுக்காரர் பசி பொறுக்காதவர். "வெறும் வயித்தோட எப்படிடீ பால்மரம் வெட்டறது?" என்று சொல்லிச் சோற்றை இலையில் கட்டிப் பையில் ஒளித்துக்கொண்டு போனார். கேட்டில் சோதனை போட்ட போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சொந்த வயிற்றுக்கென்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எனக்கு அப்போது நிறைமாதம்.

மகள் பிறந்தாள். மருத்துவச்சி குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுப் போனதோடு சரி, எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. எங்கள் வீட்டில் கால் வைத்தால் தங்களையும் பிடித்துக்கொண்டு போவார்களென்று பயம். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. கோபம்தான் இன்றுவரை ஆறவில்லை. பத்தியம் பார்த்துப் போட அம்மாவும் உயிரோடு இல்லை. மீன் ஆகாது, முட்டை ஆகாது என்று எங்கேயோ காதில் விழுந்ததை நம்பி, வாங்கிவந்த சோற்றையே கஞ்சியாகக் கரைத்துக் குடித்தேன்.

பால் வற்றியது. கடையில் டின் பால் வாங்கினால், பதுக்க முடியாதபடி அங்கேயே துளை போட்டுத் தருவார்கள். அதைக் கரைத்துப் புகட்டினேன். பிள்ளை குடித்தாள், தூங்கினாள், சதை மட்டும் பிடிக்கவில்லை. கால்கள் குச்சியாகத் தொங்கின. இவளையும் இழந்துவிடுவேனோ என்று மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை.

தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "அந்த டின் பால்ல பாதிக்கு மேல சீனிலா. நீ குடிக்கிற கஞ்சியும் மாவுச்சத்துதான். ரெண்டும் விறகு மாதிரி எரிஞ்சி போயிடும். சதை வளரப் புரதம் வேணும். மீன் தின்னும்மா, எண்ணெய் ஊத்தித் தின்னு. நீ தின்னாதான் பிள்ளைக்குப் பால்."

பாசிர் பெனம்பாங்கிலிருந்து சைக்கிளில் வரும் சீன மீன்காரரின் கூடையைக் கேட்டில் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். கருவாட்டுக்குத்தான் கெடுபிடி, ஒரே நாளில் நாறிப்போகும் பச்சை மீனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. சின்னச் சுறா ஒன்று வாங்கினேன். வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, நல்லெண்ணெயில் பூண்டோடு வதக்கிப் புட்டாக்கினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்க ஆளில்லை. நானே அள்ளி வைத்துக்கொண்டேன்.

சுறா கிடைத்த போதெல்லாம் அப்படியே தின்றேன். பால் ஊறியது. மெல்ல மெல்லப் பிள்ளையின் தொடையில் மடிப்பு விழுந்தது. அதை அவரிடம் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஒருநாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாசலில் நின்றபடியே, அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் சேதியே இல்லை. என்னிடம் அவருடைய படம்கூடக் கிடையாது.

"அந்த நாலாவது எந்தச் சாப்பாட்டுல இருக்கு?" என்று மகளைக் கேட்டேன்.

"எல்லாத்துலயும்தான் இருக்கும்மா. ஆனா சாப்பிடறத உடம்பு உடைச்சிடும். நம்ம ஜாடையை முடிவு பண்றது அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றதுதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்கும்போது அவள் கன்னத்தில் ஒரு குழி விழும். எங்கள் வகையில் யாருக்கும் அது கிடையாது. அன்று கேட்டில் அவர் பையை உதறிச் சோற்றைத் தரையில் கொட்டியவர்கள் கையில் அது மட்டும் சிக்கவில்லை. அதை அவர் முன்பே என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.