பட்டுத்துணிக்குள் ஒரு சேர்வர்

போன கிழமை சரஸ்வதி பூசை. பூசை முடிந்து, அவலும் கடலையும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்தேன். ஒஸ்லோவிலிருந்து போன்! பாட்டுப் படிக்கும் அபியின் தாய்.

“அண்ணை, ரீச்சரின்ரை பாட்டு ஒண்டும் திறக்குதில்லை. நாளைக்கு இஞ்சை வாணி விழா. அபி மேடையிலை பாடவேணும். சரணம் இன்னும் சரிவரேல்லை... பிள்ளை அழுதுகொண்டு நிக்கிறாள்.”

ரீச்சர் என்றால் என் மனைவி வதனி. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இணையத்தில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். ஒவ்வொரு பாடத்தையும் பாடிப் பதிந்து, வீட்டிலேயே ஒரு சேர்வரில், அதாவது எந்நேரமும் இணையத்தோடு ஓடும் ஒரு கணினியில், போட்டு வைத்திருக்கிறோம். நாங்கள் நித்திரை கொள்ளும்போதுதான் கனடாவில் பள்ளிக்கூடம் விடும். ஆகவே, சேர்வர் நித்திரை கொள்ளக்கூடாது.

அது வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாண டவுனில், பாவித்த கணினிகளைத் திருத்தி விற்கும் கடை. கடைக்காரர் முதலில் ஒரு பெரிய இரும்புப் பெட்டியைக் காட்டினார். “அண்ணை, உது கொழும்பிலை பெரிய கொம்பனியிலை ஓடின சாமான். நல்லா உழைக்கும்.” ஸ்விச்சைப் போட்டார். சத்தத்தில் வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு மெஷின் தோற்றது! ஆனாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பெரிய மெஷினைக் கண்டால் ஆண்களுக்கு ஏன்தான் இப்படி வருகிறதோ...

வதனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “உது ஓடேக்கை சுருதிப்பெட்டி கேக்குமோ?”

பெரிய பெட்டி திரும்ப ராக்கைக்குப் போனது.

கடைசியில் வாங்கியது, அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து, கழித்துவிடப்பட்ட சின்னக் கணினி. ஒரு தடித்த அகராதி அளவுதான். பழசு, ஆனால் மிகப் பழசல்ல — மிகப் பழசு குறைய வேலை செய்து நிறையக் கறண்ட் குடிக்கும். உள்ளே சுழலும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, சுழலாத புதுசு போடச் சொன்னேன். பிறகு கடையிலேயே மீற்றர் ஒன்றைக் கொழுவி அளந்தோம். ஓடும்போது எவ்வளவு குடிக்கிறது என்பதல்ல விஷயம். வீட்டுச் சேர்வர் நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். சும்மா இருக்கும்போது எவ்வளவு குடிக்கிறது? இது ஒரு சின்ன எல்ஈடி பல்ப் அளவோடு நின்றது.

ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் கணவன்மாரையும் இப்படி அளந்து பார்க்கலாம். நல்லகாலம், அந்த மீற்றரை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை!

பிறகு ஒரே ஒரு ஆபத்துத்தான் மிச்சம். வதனியின் கை. யுத்தத்தில் கறண்டே இல்லாத வருசங்களைக் கண்ட கை அது. எரியும் எதையும் சும்மா விடாது. முன்பெல்லாம் நல்லூர்க் கோயிலுக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் மெயின் ஸ்விச்சே விழும். ‘நிற்பாட்ட வேண்டாம்’ என்று எழுதிப் பிளக்குக்கு மேலே ஒட்டினேன்.

“உது என்ன கோயில் தூண்டாமணி விளக்கோ, அணையாமல் எரியிறதுக்கு?” என்று கேட்டார். ஆனாலும் கை வைக்கவில்லை... அன்றுவரை.

ஒஸ்லோப் போனோடு சேர்வர் இருந்த அறைக்கு ஓடினேன். ஒட்டின கடதாசி இருக்கிறது. வயர் தொங்குகிறது. சேர்வரைக் காணோம்! கள்ளனா? பக்கத்திலிருந்த புதுப் போன் சார்ஜரை விட்டுவிட்டு இதை எந்தக் கள்ளன் எடுப்பான்?

“இஞ்சேரும், சேர்வரைக் கண்டனீரோ?”

“பூசையிலை இருக்கு.”

சுவாமி அறையில் கும்பத்துக்குப் பக்கத்தில் சுருதிப்பெட்டி, தாளம், பட்டுத்துணி போர்த்திய ஒரு கட்டு. பாட்டுப் புத்தகங்கள் என்று நினைத்து நான் சற்றுமுன் விழுந்து கும்பிட்ட கட்டு. வதனி துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். புத்தகங்களுக்கு மேலே சேர்வர்! முகப்பில் சந்தனம், குங்குமம். உச்சியில் ஒரு செவ்வரத்தம்பூ.

“ஏனப்பா உதைக் கொண்டுவந்து...?”

“பிள்ளையளின்ரை பாட்டெல்லாம் உதுக்குள்ளைதானே கிடக்கு? படிப்புச் சாமானைப் பூசையிலை வைக்காமல் வேறை எங்கை வைக்கிறது?”

கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோசம் வந்தது. கறண்ட் தின்னும் பெட்டிக்கு எங்கள் வீட்டில் சரஸ்வதிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது!

ஆனால், அபி? பூசையில் வைத்ததை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது. இப்போது ஒஸ்லோவில் ஒரு பிள்ளை அழுகிறது.

“சரஸ்வதி அம்மாள் கோவிக்கமாட்டா. கொஞ்ச நேரம் எடுத்துக் கொழுவட்டே?”

“கையை எடுங்கோ. போனை இஞ்சை தாங்கோ.”

“சுருதிப்பெட்டியும் பூசையிலை எல்லே இருக்கு?”

“என்ரை தொண்டையை நான் பூசையிலை வைக்கேல்லை.”

கதிரையில் இருந்து, தொடையில் தாளம் போட்டுச் சரணத்தைப் பாடினார். அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் திருப்பிப் பாடியது. ஓரிடத்தில் பிழை வந்தது. “அழாதை அபிக்குட்டி. ஆறுதலா மூச்சை எடுத்துப்போட்டு வா.” திரும்பவும் பாடினார்கள். சேர்வரில் இருக்கும் பாட்டுக்கு இது தெரியாது. பிள்ளை பிழைவிட்டாலும் அது தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் போனுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

விஜயதசமி காலை, நல்ல நேரம் பார்த்துச் சேர்வரைக் கொழுவினேன். முறைப்படி நிற்பாட்டாமல் வயரைப் பிடுங்கிய மெஷின்... பாடங்கள் மிஞ்சியிருக்குமா? நீல வெளிச்சம் வந்தது. எல்லாம் பத்திரம்! காற்றுத் துளையில் போன சந்தனத்தைச் சுரண்டினேன். பொட்டைத் தொடவில்லை.

அன்று பின்னேரமே அபி மேடையில் பாடிய வீடியோ வந்துவிட்டது. சரணம் அச்சொட்டாக அப்படியே! வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “தொண்டை காயுது. ஒரு தேத்தண்ணி போடுங்கோவன்.”

எங்கள் வீட்டில் ஆகக் குறைந்த செலவில் ஓடும் சேர்வர் எது என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு தேத்தண்ணி போதும் — என்ன, அதை நான்தான் போடவேண்டும்!