என்ன பிள்ளை, சிஸ்டர்?

பிரசவ வார்டு நர்ஸுக்குக் குழந்தையைக் கையில் வாங்குவது பாதி வேலை. அது என்ன பிள்ளை என்று வாசலில் சொல்வது மீதி வேலை. கம்பம் பள்ளத்தாக்கில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிக் கதவுக்கு முன்னால் நீங்களும் நின்றிருப்பீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் பட்டது இது.

கண்ணாடி

எங்கள் வார்டில் ஒரு வழக்கம். குழந்தையைத் தூக்கித் தாயிடம் காட்டி, "என்ன பிள்ளை?" என்று கேட்போம். தாய் தன் வாயால் சொல்ல வேண்டும். பிள்ளையை மாற்றிவிட்டதாகப் பிறகு யாரும் சண்டைக்கு வரக் கூடாதல்லவா?

குச்சனூர்ப் பெண் ஒருத்தி கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை என்றாள். கண்ணாடி வெளியே அவள் அம்மாவின் பையில் இருந்தது. போய், "பிள்ளையப் பாக்கணும், கண்ணாடியக் குடுங்க" என்றேன். அந்த அம்மா பதறிப்போனார்.

"கண்ணாடி போட்டுப் பாக்குற அளவுக்கா சின்னதாப் பெத்திருக்கா?"

யார் குற்றம்

சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் வீடு. மூன்றாவதும் பெண். மருமகள் வயிற்றில் வேறெதுவும் தங்காது என்று மாமியார் வார்டுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவரை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். தாயிடமிருந்து வருவது எப்போதும் எக்ஸ்தான். தகப்பனிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். ஆக, இது உங்கள் மகன் பக்கத்திலிருந்து வருவது.

மாமியாரின் குரல் தணிந்துவிட்டது.

"அப்படின்னா இது சாமி குடுக்குறது டாக்டரம்மா. யாரையும் குத்தம் சொல்லப்படாது."

வெள்ளைப் பிளாஸ்திரி

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவரின் மனைவி. முதல் பிரசவம். குழந்தை வந்ததும் நன்றாக அழுதது. பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். ஆண் என்றும் சொல்ல முடியவில்லை, பெண் என்றும் சொல்ல முடியவில்லை. அபூர்வமாக இப்படிப் பிறக்கும் என்று படித்திருக்கிறேன், கையில் வாங்கியதில்லை. ஆணுக்கு நீலப் பட்டை, பெண்ணுக்கு ரோஸ் பட்டை கட்டுவோம். வெள்ளைப் பிளாஸ்திரியில் தாயின் பெயரை எழுதிக் கையில் சுற்றினேன்.

பழக்கதோஷம், தாயிடம் தூக்கிக் காட்டியதும் கேள்வி வாயில் வந்துவிட்டது. அவள் நிதானமாகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"இப்பவே சொல்லணுமா சிஸ்டர்?"

வாசல்

டாக்டரம்மா டிரைவரிடமும் அவர் அக்காவிடமும் சொன்னார்: ரத்தம், ஸ்கேன் எல்லாம் தேனி பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும், சில பிள்ளைகளுக்கு உடம்பில் உப்பு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும், அதனால் இன்றே கிளம்புங்கள், ஆணா பெண்ணா என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

"அறுத்துத் தச்சு ஏதாவது ஒண்ணா ஆக்கிவிடுங்க" என்றார் அக்கா. அதற்காகப் பச்சைக் குழந்தையை அறுக்கக் கூடாது, அரசாங்கமே தடை போட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அக்கா தம்பி பக்கம் திரும்பினார். "ஏலே, அப்ப அங்கனயே விட்டுட்டு வந்துரு. ஊர்ல கேட்டா, தங்கலன்னு சொல்லிக்கலாம்."

ஆம்புலன்ஸில் மனைவி பிள்ளையோடு ஏறி உட்கார்ந்தாயிற்று. ஜீப் டிரைவர் மட்டும் கீழே நின்றார். செல்போன் அடித்தது. அவருடைய மாமா. "என்ன பிள்ளைடா மாப்ள?" என்று அவர் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. மனைவி உள்ளேயிருந்து கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியில் ஏறி, பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னார்.

"ரெண்டே முக்கா கிலோ மாமா. தேனிக்குக் கூட்டிட்டுப் போறோம், பாத்துட்டு வீட்டுக்குக் கூட்டியாந்துருவோம்."

அன்றிலிருந்து வாசலுக்குப் போனால் முதலில் எடையைத்தான் சொல்கிறேன்; அதோடு திருப்தியாகிக் கிளம்பிப் போனவர் இதுவரை ஒருவரும் இல்லை.