இலாரியோவின் உலை

இலாரியோ மணல் போட்டு அண்டா தேய்க்கிறான். எங்கள் இத்தாலியப் பட்டாளத்தின் இந்த முகாமில் தண்ணீருக்குப் பஞ்சம்; மணலுக்கு இல்லை. துனீசியாவின் தெற்குக் கோடியில் யாரோ விட்டுவிட்டு ஓடிய பண்ணை வீடு அவனுக்குச் சமையலறையாக வாய்த்திருக்கிறது. கூரை பாதிதான் மிச்சம். வாசலில் கதவில்லை, ஒட்டகமே நிமிர்ந்து நுழையலாம், அவ்வளவு உயரம். ஊரில் இலாரியோ கூரைக்கு ஓடு மாற்றுகிறவன். அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டுவானே தவிர, ஒருநாளும் மேலே ஏறியதில்லை. "பட்டாளத்துல சொன்ன வேலையைச் செஞ்சா போதும். சொல்லாத வேலையைச் செஞ்சா, நாளைக்கு அதையும் சொல்லுவானுங்க."

சாமான் அறை என் பொறுப்பில். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

சமையலில் அவனுக்கு ஒரே விதி. லாரிப் புழுதி கண்ணில் பட வேண்டும், ஆட்கள் இறங்க வேண்டும், அவன் தலை எண்ண வேண்டும். பிறகுதான் பாஸ்தா தண்ணீரில் இறங்கும். "பாஸ்தாவுக்காக ஆள் காத்திருக்கலாம். ஆளுக்காக பாஸ்தா காத்திருக்காது." வெந்த தண்ணீரைக் கொட்டமாட்டான், மறுநாள் சூப் அதில்தான். அதற்கும் மறுநாள் அது என்னவாகிறது என்று நாங்கள் கேட்பதில்லை.

லாரி ஓட்டும் ஃபெர்ரூச்சோ, இலாரியோ மனைவியின் தம்பி. தட்டை நீட்டும்போதெல்லாம் வம்பு இழுப்பான்.

"மாமா, இதைத் திங்கறதுக்கு இங்கிலீஷ்காரன்கிட்ட கைதியாப் போயிடலாம். டின்ல மாட்டுக்கறி, ஜாம், டீ எல்லாம் தர்றானாம்."

"போயேன்டா. எனக்கு ஒரு தட்டு மிச்சம். உங்கக்காவுக்கு நானே பதில் சொல்லிக்கறேன்."

போன வாரம் மேலிடத்திலிருந்து தாக்குதல் உத்தரவு வந்தது. இங்கிலீஷ்காரன் நம்மை அடிக்க ஆயத்தமாகிறான், அதற்குள் நாம் முந்திக்கொண்டு அவன் ஏற்பாட்டைக் குலைக்க வேண்டும் என்று கேப்டன் பெலாந்தி வரைபடத்தை விரித்து விளக்கினார். இலாரியோ தட்டோடு நின்ற எல்லோருக்கும் அதைச் சுருக்கிச் சொன்னான்: "அடுத்தவன் உலை கொதிக்கறதுக்குள்ள போய் அவன் அடுப்பை அணைச்சிட்டு வர்றது."

புறப்படுமுன் கேப்டன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மத்தியானம் திரும்பிடுவோம். வந்ததும் சாப்பாடு வேணும். பாஸ்தா போட்டு வை."

"தலை எண்ணாம போடமாட்டேன், கேப்டன்."

"எல்லாத் தலையும் இருக்கும்யா. போடு. உத்தரவு."

மத்தியானம் எல்லாத் தலைக்கும் போட்டான். வெந்தது. வடித்தான். மூடினான். வாசலில் போய் நின்றான். புழுதி இல்லை. திரும்பி வந்து கிளறினான். மறுபடி வாசல்.

வெயில் சாயும்போது ஒரு சின்னப் புழுதி தெரிந்தது. முதலில் இறங்கியவனின் புருவம் கருகியிருந்தது. "அவன் உலை எப்பவோ கொதிச்சாச்சு" என்றான். "மண்ணுக்குள்ள பீரங்கியைப் புதைச்சு வச்சுட்டு, பரிமாறக் கரண்டியோட உக்காந்திருந்தான்." ஃபெர்ரூச்சோவின் லாரி பள்ளத்தில் கதவு திறந்தபடி நின்றதாம். உள்ளே யாராவது இருந்தார்களா என்று நின்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

வந்தவர்கள் இரண்டு தட்டு, மூன்று தட்டு சாப்பிட்டார்கள். அப்படியும் அண்டாவில் பாதி நின்றது.

கடைசியாகக் கேப்டன் வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார்.

"குழைஞ்சு போச்சே, இலாரியோ."

"ஆமா, கேப்டன். நீங்க சொன்ன நேரத்துக்குப் போட்டது."

எதிரியை எப்படியும் ஓரிரு நாள் தாமதப்படுத்தியிருப்போம் என்றார் கேப்டன், தட்டைப் பார்த்தபடி. இலாரியோ தலையாட்டினான். கரண்டியை அண்டா விளிம்பில் தட்டிவிட்டு, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டான்:

"நம்ம ஃபெர்ரூச்சோ இப்ப இங்கிலீஷ்காரன் டின்னைத் திங்கறானா, கேப்டன்? இல்ல, அங்கயே கெடக்கானா? ஊர்ல அவன் அக்காவுக்கு நான் என்னன்னு எழுதட்டும்?"

கேப்டன் தட்டில் இருந்த அத்தனையையும் சாப்பிட்டு முடித்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒட்டகம் நிமிர்ந்து நுழையும் அந்த வாசலில், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.